விலையில்லாப் படமும் விலை சொல்லாப் படமும்

வேலூரைப் பற்றி ஊருக்குள்ளேயே ஒரு கேலி உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் மீண்டும் கோட்டைக்குள் எழுந்தருளிய பிறகு அந்தப் பட்டியலில் ஓர் இடம் காலியாகிவிட்டது. அந்த இடத்தை நிரப்ப என்னிடம் ஒன்று இருக்கிறது: பரிசு இல்லாத குலுக்கல்.

போன ஆடித் தள்ளுபடியின்போது என் தங்கை குடியாத்தத்திலிருந்து துணி எடுக்க வேலூர் வந்திருந்தாள். பில் போட்ட கையோடு, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண் ஒரு கூப்பனை நீட்டினார். பெயர், கைப்பேசி எண், திருமண நாள், குழந்தையின் வயது, கணவரின் வேலை. குலுக்கலுக்குக் கணவரின் வேலை எதற்கு என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எழுதிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டாள். இரண்டு வாரத்துக்குள் அழைப்பு வந்தது. முதல் பரிசாம். 8,000 ரூபாய் மதிப்புள்ள குழந்தைகள் போட்டோ ஷூட், முற்றிலும் இலவசம். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும், அப்பா அம்மா இருவரும் கட்டாயம் வர வேண்டும், இடத்தை உறுதிசெய்ய 299 ரூபாய் மட்டும் இப்போதே அனுப்ப வேண்டும்.

அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகளுக்கு அதே கடையின் குலுக்கலில் அதே முதல் பரிசு விழுந்திருப்பது தெரிந்தது. மூவரும் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்களே தவிர, முதல் பரிசு எப்படி மூன்று பேருக்கு விழும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். தாய்மாமன் என்ற முறையில் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

ஸ்டூடியோவின் பெயர் இங்கே முக்கியமில்லை. இந்த வியாபாரத்துக்கு ஊரும் கிடையாது, நாடும் கிடையாது. மேலை நாடுகளில் அலங்காரமும் போட்டோ ஷூட்டும் பரிசு என்று அழைத்துப் பெண்களுக்கு விற்கிறார்கள். நம் பக்கம் குழந்தைகளுக்கும், நிச்சயமான ஜோடிகளுக்கும், வளைகாப்புக்குக் காத்திருக்கும் பெண்களுக்கும் விற்கிறார்கள். வரிசை மட்டும் எங்கும் மாறுவதில்லை. முதலில் பரிசு, பிறகு சின்னக் கட்டணம், பிறகு நீண்ட நேரம், கடைசியாக ஓர் அறை. விலை அந்த அறைக்குள்தான் முதன்முதலாகக் காதில் விழும்.

படமெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கேமராக்காரர் நல்ல பையன், கிலுகிலுப்பையை வாயில் கவ்விக்கொண்டு தவழ்ந்து தவழ்ந்து எடுத்தார். மூன்று உடை மாற்றினார்கள். மயிற்பீலியும் வெண்ணெய்ப் பானையுமாகக் கண்ணன் வேடம், பட்டுப் பாவாடை, ஒரு வெள்ளைத் தேவதை உடை. பதினோரு மாதக் குழந்தை, மூன்றாவது உடையில் வீறிட்டது. இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. பால் பாட்டிலும் தீர்ந்துவிட்டது. "ஐந்தே நிமிடம், படங்களைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் அக்கா" என்று உள்ளே அழைத்துப் போனார்கள்.

உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமப்படும் அளவுக்குப் புதைகிற சோபா, குறைந்த வெளிச்சம், ஏசி, சுவர் முழுக்கத் திரை. தாலாட்டு மெட்டில் வீணை இசை. அறுபதுக்கு மேற்பட்ட படங்கள் ஒவ்வொன்றாக மெல்லக் கரைந்து வந்தன. வெண்ணெய்ப் பானைக்குள் கைவிட்டபடி குழந்தை யாரையோ பார்த்துச் சிரிக்கிற படம் வந்தபோது தங்கை அழுதுவிட்டாள். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் தொண்டை அடைத்தது என்பதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த நொடியில் விளக்கைப் போட்டு, லேமினேஷன் செய்த ஓர் அட்டையை மடியில் வைத்தார்கள்.

பரிசு என்பது ஷூட் மட்டும்தான். அத்துடன் ஸ்டூடியோ பெயர் பொறித்த ஒரே ஒரு பிரிண்ட். மற்றப் படங்கள் வேண்டுமானால், சாஃப்ட் காப்பி ஒன்றுக்கு 900 ரூபாய். கரிஷ்மா ஆல்பம், பெரிய பிரேம், பென் டிரைவ் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் 48,000 ரூபாய். மாப்பிள்ளை அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். படங்களைக் காட்டிய பெண் கோபித்துக்கொள்ளவில்லை. மேலாளரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர், 32,000 என்று வந்தார். இன்னொரு முறை போய்விட்டு, இன்று மட்டும் 19,500 என்றார். நாளை வந்து சொல்கிறோம் என்றோம். நாளைக்குப் படங்கள் இருக்காது, இடமில்லாததால் இரவே கணினியிலிருந்து அழித்துவிடுவோம் என்றார். பிறகு மவுஸைக் கையில் எடுத்து, "அப்படியானால் வேண்டாதவற்றை நீங்களே சொல்லிவிடுங்கள் அக்கா. இதை அழித்துவிடலாமா?" என்று கேட்டார். திரையில் குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. தங்கை தலையசைத்தாள். "இதை?" கண்ணைக் கசக்குகிற படம். தங்கை பதில் சொல்லவில்லை. "இதை?" அது வெண்ணெய்ப் பானைப் படம்.

எந்தத் தாயால் அழி என்று சொல்ல முடியும்? மாப்பிள்ளை இன்னும் மசியவில்லை என்று கண்டதும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "தாய்மாமனே வந்திருக்கிறார். முதல் பிறந்தநாளுக்குச் சீராக இதையே செய்துவிடலாமே, மாமா?" காது குத்துக்கு மடியில் உட்காரவைப்பவனுக்கு இது எந்த இடத்தில் தைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கூப்பனில் குழந்தையின் மாமாவுக்கு ஒரு வரி இல்லாமல் போனது எப்படியோ, அடுத்த முறை சேர்த்துவிடுவார்கள். 19,500 ரூபாயுடன் 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்பது கார்டை எடுத்த பிறகுதான் சொல்லப்பட்டது. மொத்தம் 23,010. அட்வான்ஸ் 5,000 கட்டியது நான்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கு உறைத்தது, அந்த அறையில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை என்பதுதான். ஷூட் இலவசம் என்றார்கள், 299 ரூபாயை விட்டுவிட்டால் அது இலவசமாகத்தான் நடந்தது. 2011இல் தமிழக அரசு மிக்சியும் மின்விசிறியும் கொடுத்தபோது 'இலவசம்' என்ற சொல்லைக் கைவிட்டு 'விலையில்லா' என்று பெயரிட்டது. இங்கே நமக்குக் கொடுக்கப்பட்டது விலையில்லாத படம் அல்ல, விலை சொல்லாத படம். முழுத் தந்திரமும் விலையை எப்போது சொல்வது என்பதில்தான் இருக்கிறது. 900 ரூபாய் என்று அந்தத் துணிக்கடையிலேயே சொல்லியிருந்தால் தங்கை சிரித்துவிட்டு பஸ் ஏறியிருப்பாள்.

இது ஏன் பலிக்கிறது என்பதை ஆய்வாளர்கள் எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள். 1966இல் ஜோனதன் ஃப்ரீட்மன், ஸ்காட் ஃப்ரேசர் என்ற இருவர் கலிஃபோர்னியாவில் வீடு வீடாகப் போய், 'கவனமாக ஓட்டுங்கள்' என்று எழுதிய பெரிய, அசிங்கமான பலகையை வீட்டு முன்புறத்தில் நட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்கச் செய்தார்கள். நூற்றுக்குப் பதினேழு பேர்தான் சம்மதித்தார்கள். இரண்டு வாரம் முன்னதாகவே ஜன்னலில் ஒட்டும் ஒரு குட்டி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டவர்களிடம் கேட்டபோது நூற்றுக்கு 76 பேர் சரி என்றார்கள். 299 ரூபாய் அந்தக் குட்டி அட்டை. அதனால் ஸ்டூடியோவுக்குப் பெரிய வருமானம் இல்லை. பணம் கட்டிவிட்டோம், போகாமல் இருந்தால் நஷ்டம் என்று நம்மை நினைக்கவைப்பதுதான் அதன் வேலை.

இன்னொன்று 1990இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்டது. மாணவர்களில் சிலரிடம் ஆளுக்கொரு காப்பிக் கோப்பையைக் கொடுத்து, விற்பதானால் என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள். கோப்பை இல்லாதவர்களிடம், என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, மற்றவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. சற்று முன் கைக்கு வந்த, யார் முகமும் இல்லாத ஒரு கோப்பைக்கே இந்தப் பாடு. திரையில் இருப்பதோ சொந்தக் குழந்தை. அந்தப் படங்களை நாங்கள் வாங்கப்போவதாக நினைக்கவில்லை. ஏற்கெனவே எங்களுடையவை, இப்போது பறிபோகப்போகின்றன என்றுதான் நினைத்தோம். மவுஸைப் பிடித்துக்கொண்டு அழிக்கட்டுமா என்று கேட்பதன் பொருள் அதுதான்.

பேரம் நமக்குப் புதிதல்ல. லாங்பஜாரில் வியாபாரி நூறு சொன்னால் அறுபதில் தொடங்கி, இரண்டடி நடந்து, கூப்பிட்டால் திரும்பி வருகிற ஊர்தான் இது. அந்த இரண்டடியில்தான் பேரத்தின் உயிரே இருக்கிறது. பக்கத்துக் கடையிலும் அதே வெங்காயம் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். இந்த அறையில் அந்த இரண்டடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். தங்கை மகளின் அந்தச் சிரிப்பு பக்கத்துக் கடையில் கிடைக்காது. 48,000 வாங்குவதற்காகச் சொன்ன விலை அல்ல. 19,500 மலிவாகத் தெரிவதற்காக நட்டுவைத்த பொம்மை.

அப்பா அம்மா இருவரும் வந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை விடுமுறை விடுதி உறுப்பினர் திட்டங்களில் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் பங்கில் கூப்பன் எழுதினால், பரிசை வாங்கிக்கொள்ளத் தம்பதியாக வரச் சொல்வார்கள். ஒருவர் மட்டும் வந்தால் 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்ற கதவு திறந்திருக்கும். இருவரையும் உட்காரவைத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். குழந்தையை விளம்பர மாடலாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், ஆல்பம் மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்று பணம் வாங்குவதும் இதன் ஒன்றுவிட்ட தம்பிதான்.

ஏன் இப்போது என்று கேட்டால், அதற்கு விடை கேமராவுக்குள் இருக்கிறது. பழைய ஸ்டூடியோக்காரருக்கு ஒவ்வொரு கிளிக்கும் காசு. 120 பிலிமைச் சதுரச் சட்டத்தில் எடுத்தால் ரோலுக்குப் பன்னிரண்டு படம், 35 மில்லிமீட்டரில் முப்பத்தாறு. கழுவ வேண்டும், பிரிண்ட் போட வேண்டும். அதனால் விலையை முதலில் பேசி, அட்வான்ஸ் வாங்கி, ரசீது கிழித்துக் கொடுத்த பிறகுதான் 'அசையாதீர்கள்' என்பார். காந்தி ரோட்டுப் பக்கம், சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிற வெளிமாநிலத்தவர்களுக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுத்துத் தருகிற கடைகளில் இன்றைக்கும் எட்டுப் படம் எவ்வளவு என்று வாசலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். டிஜிட்டல் வந்ததும் படமெடுக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் ஆனது. அதே டிஜிட்டல் கைப்பேசிக்குள் புகுந்து, குடும்பப் படத்துக்கு ஸ்டூடியோ படியேறும் வழக்கத்தையும் தின்றுவிட்டது. எடுப்பதற்குச் செலவில்லை, எடுக்கச் சொல்லி வருவாரும் இல்லை. ஆக, சும்மா எடுத்துவிட்டு, எடுத்ததைக் காட்டி விற்பது என்ற கணக்கு பிறந்தது.

விற்கும் பெண்ணின் மீது எனக்குக் கோபம் இல்லை. படி இறங்கும்போது அவரே சொன்னார், சம்பளம் சொற்பம், ஆல்பம் போனால்தான் கையில் ஏதாவது தங்கும் என்று. மேலாளர் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா, அல்லது சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாரா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

இனி சட்டம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 2(47)ஆம் பிரிவு நியாயமற்ற வணிக நடைமுறைகளை வரிசைப்படுத்துகிறது. மொத்தத் தொகைக்குள் விலையை அடக்கிவைத்துக்கொண்டே ஏதோ இலவசமாகத் தருவதுபோல் தோற்றம் உண்டாக்குவது அதில் ஒன்று. பரிசுத் திட்டம் முடிந்த பிறகு அதன் முடிவைப் பங்கேற்றவர்களிடமிருந்து மறைப்பது இன்னொன்று. 2003இல் லாட்டரியை ஒழித்த மாநிலம் நம்முடையது. ஆனால் கடைக் குலுக்கலில் வென்றவர் பட்டியல் எங்கே என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. கேட்டால் தர வேண்டியது அவர்கள் கடமை. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிமுறைகள் இன்னும் வெளிப்படை. விளம்பரத்துக்குப் பதில் தெரிவிக்கவும் பொருளைப் பெற்றுக்கொள்ளவும் தவிர்க்க முடியாமல் ஆகும் செலவு தவிர வேறு பணம் கட்ட வேண்டியிருந்தால், அதை இலவசம் என்று விளம்பரம் செய்யக் கூடாது. 299 ரூபாய் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறது.

சோபாவையும் வீணையையும் மவுஸையும் பிடிக்கச் சட்டத்தில் நல்ல வலை இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் மிதமிஞ்சிய செல்வாக்கைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் எதிராளி நம் விருப்பத்தை ஆளும் நிலையில் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். பதினோரு மாதக் குழந்தையின் சிரிப்பு என்னை ஆண்டது என்று வக்கீல் எழுத மாட்டார். மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளும் அவகாசம் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளுக்கு 30 நாள் இருக்கிறது. ஆல்பத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அமெரிக்காவில் வீட்டுக்கு வந்து விற்றவர்களிடமிருந்து மூன்று வேலை நாளுக்குள் பின்வாங்கலாம் என்றொரு விதி உண்டு. அதுவும் விற்பவரின் நிரந்தரக் கடைக்கு நாமே போய் வாங்கியதற்குச் செல்லாது. பரிசைத் தபாலில் அனுப்பாமல் நம்மைப் படியேறவைப்பதில் எத்தனை வசதிகள் பாருங்கள்.

பலரும் கவனிக்காத ஒரு பிரிவு பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, நாம் பணம் கொடுத்து நம் வேண்டுகோளின்பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாதவரை, நாம்தான். கல்யாணத்துக்கு அமர்த்திய ஸ்டூடியோவிடம் நம் படம் நமக்குச் சொந்தம் என்று சண்டை போடலாம். பரிசாக எடுத்துக்கொண்டால் அந்தப் பணம் கொடுத்தல் என்ற கண்ணி அறுந்துபோகிறது. உரிமை எடுத்தவரிடமே தங்கிவிட இடமுண்டு. இலவசம் என்ற சொல்லால் ஸ்டூடியோ சம்பாதிப்பது வாடிக்கையாளரை மட்டுமல்ல.

பணம் கட்டியவர் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தானே மனு எழுதிக் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஸ்டூடியோ சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த வசதி. பணமே கட்டாமல் எழுந்து வந்தவருக்கு அங்கே வழக்கு நிற்பது கடினம். அவர் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியலாம்.

நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அழைத்து, ஆல்பம் வேண்டாம் என்றேன். அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள். எந்தெந்தப் படம் என்று நாங்கள் இன்னும் தேர்ந்தெடுக்கவே இல்லையே என்றேன். பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டே கேள்வி அனுப்பினேன்: ஜிஎஸ்டி எண்ணுடன் பில் வேண்டும், ஆடிக் குலுக்கலில் பரிசு பெற்றவர்களின் முழுப் பட்டியல் வேண்டும். நான்கு நாள் கழித்து அழைத்து, கட்டிய 5,000 ரூபாய்க்கு 25 சாஃப்ட் காப்பி தருகிறோம், ஆல்பத்தை விட்டுவிடலாம் என்றார்கள். ஒத்துக்கொண்டோம். படம் ஒன்று 200 ரூபாயாகிறது, அதுவும் அதிகம்தான். அந்த 25உம் இரவோடிரவாக அழிந்துபோயிருக்க வேண்டிய படங்கள்தான். தங்கை தலையசைத்து அழிக்கச் சொன்ன கொட்டாவிப் படமும்தான்.

பரிசுப் பிரிண்ட் குடியாத்தம் வீட்டில் மாட்டியிருக்கிறது. மூலையில் இருக்கும் ஸ்டூடியோவின் பெயர் குழந்தையின் முகத்தைவிடத் தெளிவாக விழுந்திருக்கிறது. சென்ற மாதம் தங்கைக்கு மறுபடி அழைப்பு வந்தது, இரண்டாவது பிறந்தநாளுக்குச் சிறப்புக் குலுக்கலில் தேர்வாகியிருப்பதாக. "சந்தோஷம். விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், பார்த்துவிட்டு வருகிறோம்" என்றிருக்கிறாள். நேரில் வந்தால்தான் சொல்ல முடியும் மேடம் என்று பதில் வந்ததாம்.